'வைடால் பாசிட்டிவ்' என்று இனி எனக்குப் படம் அனுப்பாதீர்கள்



நீளமான பதிவு. பாதியில் லைக் போட்டுவிட்டு ஓடாமல் முழுக்கப் படியுங்கள். கடைசி பெஞ்சுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆடிக் கிருத்திகை முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. அதற்குள் என் வாட்ஸ்அப்புக்கு ஐந்து ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்துவிட்டது. மூன்று உறவுக்காரர்களுடையது, இரண்டு பழைய மாணவர்களுடையது. ஐந்திலும் ஒரே வரியைச் சுற்றி பேனாவால் வட்டம் போட்டிருக்கிறது. கீழே ஒரே சேதி: "சார், டைபாய்டு பாசிட்டிவ்."

ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட ரத்தம் கல்ச்சருக்குப் போகவில்லை. ஐந்து பேருக்கும் ஊசி ஏறிக்கொண்டிருக்கிறது. அதில் ஒருவருக்கு ரத்தம் எடுத்தது காய்ச்சலின் இரண்டாம் நாள்! இன்னொரு உறவுக்காரர், "கிருத்திகைக்கு மலை ஏறினோம், வழியில குடிச்ச தண்ணிதான், மறுநாளே காய்ச்சல்" என்று காரணமும் கண்டுபிடித்துவிட்டார். டைபாய்டு கிருமி வயிற்றுக்குள் போய் காய்ச்சலாக வெளியே தெரியப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். மறுநாளே வந்த காய்ச்சலுக்குக் கிருத்திகைத் தண்ணீரைக் குற்றம் சொல்ல முடியாது, மாமா.

நான் டாக்டர் இல்லை. 34 வருஷம் கணக்கு வாத்தியார். எழுதியதை, இப்போது எம்.டி. டாக்டராக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி படித்துத் திருத்திக் கொடுத்தாள். நான் அவள் பேப்பரைத் திருத்திய காலம் போய் அவள் என் பேப்பரைத் திருத்துகிறாள். ஆனால் பிள்ளைகளே, இந்த விஷயத்தில் பாதி மருத்துவம், பாதி கணக்கு. அந்தப் பாதி கணக்கைத்தான் ஊரே தப்பாகப் போடுகிறது.

முதலில் அந்தப் பரிசோதனை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். 1896ஆம் வருஷம் பாரிஸில் ஃபெர்னாண்ட் விடால் என்ற மருத்துவர் கொண்டுவந்தது. நம் ஊர் லேப்களில் 'வைடால்' என்கிறோம். நோயாளியின் ரத்தத்திலிருந்து தெளிந்த நீரைப் பிரித்து, அதில் டைபாய்டு கிருமியின் கூறுகள் கலந்த திரவத்தைச் சேர்ப்பார்கள். ரத்தத்தில் அந்தக் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தால் அது திரிதிரியாகக் கட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். கிருமி இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை. 'இந்தக் கிருமியையோ இதன் சொந்தக்காரனையோ இந்த உடம்பு எப்போதாவது பார்த்திருக்கிறதா' என்றுதான் பார்க்கிறது.

ரிப்போர்ட்டில் 1:80, 1:160, 1:320 என்று இருக்கும். இதைப் பார்த்து, "போன வாரம் 80 இருந்தது, இப்ப 160 ஆயிடுச்சி, டபுள் ஆயிடுச்சி சார்" என்று பதறுகிறீர்கள். பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடர் நடத்தினேனே, நினைவிருக்கிறதா? 20, 40, 80, 160, 320. ரத்த நீரை ஒவ்வொரு தடவையும் இரண்டு மடங்கு நீர்த்துக்கொண்டே போய், கடைசியாக எந்தக் குழாய் வரை திரிகிறது என்று பார்க்கிறார்கள். 80க்கும் 160க்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு படி. திரிந்திருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்வதில் ஒரு படி முன்னே பின்னே ஆவது சகஜம். மலைக்கு ஏறும்போது 365 படியில் ஒன்றைத் தப்பாக எண்ணுவது போல. அதனால்தான் இரண்டு படி, அதாவது நாலு மடங்கு ஏறினால்தான் அதற்கு அர்த்தம் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். அதற்கும் ஏழு முதல் பத்து நாள் இடைவெளி விட்டு இரண்டு தடவை ரத்தம் எடுத்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். நம் ஊரில் யாருக்காவது அப்படி எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. இங்கே பெரும்பாலும் குழாயில் நீர்த்துப் பார்ப்பதுகூட இல்லை. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்த நீர், ஒரு சொட்டு கலர் திரவம், ஒரு நிமிஷம் ஆட்டிப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுக்கிறார்கள்.

எதிர்ப்பொருள் உடம்பில் உருவாவதற்கே ஒரு வாரம் போல ஆகிறது. ஆக இரண்டாம் நாள் எடுத்த ரத்தத்தில் 'பாசிட்டிவ்' என்று வந்தால் அது பெரும்பாலும் பழைய கதை. சின்ன வயதில் வந்துபோன தொற்றாக இருக்கலாம். அதே சால்மோனெல்லா குடும்பத்தைச் சேர்ந்த வேறு கிருமியாக இருக்கலாம். மலேரியா, டெங்கு போன்ற வேறு காய்ச்சல்களிலும் இது பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். பாரிஸ்காரனுக்கு வாழ்நாளில் ஒரு தடவை வரும் நோய், நம் பக்கத்துத் தண்ணீரைக் குடிக்கிறவனுக்கு அப்படி இல்லை. கதை விடவில்லை. பக்கத்து வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. டெல்லி, கொல்கத்தா, வேலூர் ஆகிய மூன்று நகரப் பகுதிகளில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்ததில், லட்சம் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு 576 முதல் 1173 பேர் வரை டைபாய்டு என்று கணக்கிட்டார்கள். அந்த ஆய்வில் டைபாய்டு என்று எதை எண்ணினார்கள் தெரியுமா? ரத்தக் கல்ச்சரில் கிருமி வளர்ந்ததைத்தான். வைடாலை அல்ல.

இனி கணக்கு. நோட்டை எடுங்கள்.

100 பேர் காய்ச்சலோடு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 பேருக்கு நிஜமாகவே டைபாய்டு. மிச்சம் 95 பேருக்கு வேறு காய்ச்சல். பரிசோதனை நிஜ நோயாளிகளில் 100க்கு 80 பேரைச் சரியாகப் பிடிக்கிறது, நோய் இல்லாதவர்களில் 100க்கு 20 பேரைத் தப்பாகப் பாசிட்டிவ் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். (எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. லேபுக்கு லேப் மாறும்.) 5 பேரில் 4 பேருக்குப் பாசிட்டிவ். 95 பேரில் 19 பேருக்குப் பாசிட்டிவ். மொத்தம் 23 பாசிட்டிவ் ரிப்போர்ட். அதில் நிஜம் 4. அதாவது பாசிட்டிவ் காகிதத்தோடு வெளியே வரும் 23 பேரில் 19 பேர், இல்லாத நோய்க்கு ஊசி போட்டுக்கொள்கிறார்கள். நிஜ நோயாளி ஒருவர், "நெகட்டிவ்தான், பயப்பட ஒண்ணுமில்ல" என்று வீட்டுக்குப் போகிறார்.

இப்போது அதே பரிசோதனையை வேறு 100 பேருக்குச் செய்யுங்கள். பத்து நாளாக விடாத காய்ச்சல், வெள்ளை படிந்த நாக்கு, வயிற்றில் கை வைத்தால் மண்ணீரல் தட்டுப்படுகிறது. இப்படி டாக்டர் கையால் தொட்டுப் பார்த்துப் பொறுக்கி எடுத்த 100 பேர். அவர்களில் 50 பேருக்கு நிஜமாகவே டைபாய்டு என்றால்? 40 நிஜம், 10 பொய். அதே லேப், அதே சொட்டு, அதே 1:160. ஆனால் அந்தக் காகிதத்தின் மதிப்பு ஆறில் ஒன்றுக்குச் சற்று மேலே இருந்து ஐந்தில் நாலுக்கு ஏறிவிட்டது! காகிதத்துக்குத் தனியாக மதிப்பு கிடையாது. யாருக்கு, எத்தனையாவது நாள், எதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு எடுத்தது என்பதில்தான் மதிப்பு. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் நேராக லேபுக்குப் போய், "ஃபீவர் பேனல் எடுங்க" என்று நிற்கிறீர்களே, அங்கேதான் கணக்கு சறுக்குகிறது.

போன மாதம் இதையே சுருக்கமாக எழுதியபோது, லேப் வைத்திருக்கும் என் மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், என் பொழப்புல கை வைக்கிறீங்களே" என்றான். வருத்தமாகத்தான் பேசினான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். கல்ச்சருக்குப் பல மடங்கு செலவு. பாட்டில் வேண்டும், அதை வைக்க மெஷின் வேண்டும், முடிவுக்கு மூன்று நாளிலிருந்து ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். அம்மையார்குப்பத்திலிருந்து தறியை நிறுத்திவிட்டு வருகிறவனுக்கு ஒரு நாள் கூலி போனாலே கஷ்டம். அவன் சாயங்காலத்துக்குள் ஒரு பெயர் கேட்கிறான். 'என்ன காய்ச்சல் என்று இன்னும் தெரியவில்லை' என்று சொல்லும் டாக்டரிடம் அவன் மறுபடி போவதில்லை. பெயர் வைத்து ஊசி போடுகிறவரே கைராசிக்காரர். கல்ச்சரும் சரியானதல்ல. நிஜ டைபாய்டிலேயே 100க்கு 60 பேர் அளவில்தான் அதில் பிடிபடும். ரத்தத்தில் கிருமி அவ்வளவு குறைவு, ஒரு மில்லிக்கு ஒன்று இருந்தாலே அதிகம். அதனால்தான் பெரியவர்களுக்குப் பத்து மில்லி வரை ரத்தம் எடுக்கிறார்கள். "இவ்ளோ ரத்தம் எதுக்கு" என்று சண்டை போடாதீர்கள்.

எல்லாம் சரி, தம்பி. ஆனால் உன் லேபில் 'பாசிட்டிவ்' என்று அச்சடித்துக் கொடுக்கிறாயே, அதை யார் எழுதச் சொன்னது? 1:160 என்று எண்ணை மட்டும் கொடு. இது ஒரே தடவை எடுத்தது, இதை வைத்து மட்டும் நோயை முடிவு செய்ய முடியாது என்று கீழே தமிழில் ஒரு வரி போடு. தெலுங்கிலும் போடு, நகரி, புத்தூரிலிருந்து வருகிறவர்களுக்கு. அதற்குச் செலவில்லை.

நிற்க. வைடாலோடு முடிந்தால் பரவாயில்லை. ரிப்போர்ட்டின் மற்ற பக்கங்களையும் நீங்களே படித்துப் பலன் சொல்லிக்கொள்கிறீர்கள்.

வெள்ளை அணுக்கள் 4,500 என்று வந்தது, "கவுண்ட் நார்மல்தான், இன்ஃபெக்‌ஷன் இல்ல" என்று ஒரு மருமகன் ஆறுதல் சொன்னார். கிருமித்தொற்று என்றால் வெள்ளை அணு ஏற வேண்டும் என்பது பொது விதி. டைபாய்டு அந்த விதியை மதிக்காத நோய். 103, 104 டிகிரி அடிக்கும்போதும் வெள்ளை அணு சாதாரணமாகவோ குறைந்தோதான் பெரும்பாலும் இருக்கும். இயோசினோஃபில் என்ற வகை அணு பூஜ்யத்துக்கு வந்துவிடுவதும் உண்டு. அந்தச் சின்னப் பூஜ்யத்தை யாரும் வட்டம் போட்டு அனுப்புவதில்லை, அனுபவமுள்ள டாக்டர் கவனிப்பார். அதுவும் தடயம்தான், தீர்ப்பு இல்லை.

தட்டணு ஒரு லட்சத்து பத்தாயிரம் என்றால் வீடே டெங்கு என்று அலறுகிறது, பப்பாளி இலையைத் தேடி ஓடுகிறது. டைபாய்டிலும் தட்டணு ஓரளவு குறையும். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டு மூன்று மடங்கு ஏறியிருந்தால் "மஞ்சள் காமாலை" என்று கீழாநெல்லியும் உப்பில்லாப் பத்தியமும். ஏற்கெனவே சாப்பிட முடியாமல் கிடக்கிறவனுக்கு உப்பையும் நிறுத்துகிறார்கள்! காய்ச்சலில் சோடியம் குறைவது வேறு உண்டு. டைபாய்டில் கல்லீரலின் எண்கள் கொஞ்சம் ஏறுவது வழக்கமே, நோய் தணியும்போது அவையும் இறங்கும்.

அப்படியானால் பயப்பட வேண்டிய எண் எது? இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் திடீரென்று இறங்கும் ஹீமோகுளோபின். மலம் கறுப்பாகப் போனால் குடலில் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். இத்தனை நாள் குறைவாக இருந்த வெள்ளை அணு திடீரென்று ஏறி, வயிறு கல்லாக இறுகி வலித்தால் குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம், அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டும். டைபாய்டு ஆளைக் கொல்வது பெரும்பாலும் இந்த வழியில்தான். இந்த நாட்களில் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? "டைபாய்டு போயிடுச்சான்னு பாக்கலாம்" என்று மறுபடி வைடால் எடுக்கிறார்கள். நோய் தீர்ந்த பிறகும் மாதக்கணக்கில் அது பாசிட்டிவாகவே இருக்கும். "இன்னும் 160 இருக்கு, இன்னொரு கோர்ஸ் போடுங்க" என்று கேட்டு வாங்கி, மூன்று மாதமாக மாத்திரை விழுங்கிய ஒரு மாணவனை எனக்குத் தெரியும். அவன் உடம்பில் நோய் இல்லை. நோய் காகிதத்தில் இருந்தது.

இனி சொல்வது எங்கள் வீட்டுக் கதை. அவள் அனுமதியோடு எழுதுகிறேன்.

எங்கள் அக்கா பேத்தி, கல்லூரியில் படிக்கிறவள். மூன்று வருஷம் முன்பு கார்த்திகை மாதம், லீவுக்கு வந்தவள் பள்ளிப்பட்டுப் பக்கம் நிலத்துக்குப் போய்க் கடலைக்காய் பறிக்க உட்கார்ந்தாள். பத்து நாள் கழித்துக் காய்ச்சல், தலைவலி. ஒரு கிளினிக்கில் காட்டினார்கள். வைடால் 1:160. தட்டணு 90 ஆயிரம். கல்லீரல் எண்கள் ஏறியிருந்தன. "டைபாய்டு, கல்லீரலையும் தொட்டிருக்கு" என்றார்கள். தினம் இரண்டு வேளை ஊசி. மூன்று நாள், நாலு நாள், ஆறு நாள். காய்ச்சல் அசையவில்லை.

அக்கா எனக்குத்தான் போன் செய்தாள். "தம்பி, வேலூருக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா, நீ படிச்சவன் சொல்லு" என்றாள். நான் சொன்னேன்: "ரிப்போர்ட்லயே பாசிட்டிவ்னு போட்டிருக்கு. டைபாய்டு காய்ச்சல் இறங்க நாளாகும். நடுவுல டாக்டரை மாத்தாதே அக்கா." அதில் பாதி உண்மை இருந்தது. சரியான மருந்து கொடுத்தாலும் டைபாய்டுக் காய்ச்சல் இறங்க நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரம்கூட ஆகும். அந்தப் பாதி உண்மைதான் என்னை ஏமாற்றியது. பாசிட்டிவ் என்ற சொல்லைப் பார்த்த பிறகு நான் வேறு எதையும் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ராத்திரியோடு ராத்திரியாக வேலூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர் காகிதங்களை ஓரமாக வைத்துவிட்டு, பாவாடை நாடா கட்டும் இடத்தை விலக்கிப் பார்த்தார். ஊதுவத்தியால் சுட்டது போலக் கறுப்பாக ஒரு பொருக்கு. வலி இல்லாததால் அவளுக்கே தெரியவில்லை. ஸ்க்ரப் டைஃபஸ். புதரிலும் வயலிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிக்குஞ்சு கடித்து வருவது. பெயர் டைபாய்டு போல ஒலிக்கும், ஆனால் கிருமியே வேறு. தட்டணு குறைவதும், கல்லீரல் எண்கள் ஏறுவதும் அதிலும் உண்டு. எட்டு நாள் போட்ட அந்த ஊசி அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. டாக்சிசைக்ளின் என்ற பழைய, விலை குறைந்த மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. நுரையீரல் தேற மூன்று வாரம் ஆனது.

அந்த கிளினிக்கின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அவர்கள் செய்ததை நம் பக்கத்தில் பாதிப் பேர் தினமும் செய்கிறார்கள். அதோடு "டாக்டரை மாத்தாதே" என்று சொன்னது கிளினிக் இல்லை, நான்.

"பொய்யா இருந்தாலும் ஊசி போட்டா என்ன நஷ்டம் சார், சேஃப்டிதானே" என்று ஒரு மாணவன் கேட்டான். நஷ்டம் இதுதான். ஒரு காலத்தில் டைபாய்டுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை கண்கண்ட மருந்து. கண்ட காய்ச்சலுக்கெல்லாம் அதைக் கொடுத்துக் கொடுத்து, இன்று இந்தியாவில் டைபாய்டுக் கிருமிகளில் 100க்கு 90க்கும் மேல் அதற்கு முழுசாகப் படிவதில்லை. மெடிக்கல் ஷாப்பில் "காய்ச்சலுக்கு" என்று கேட்டால் இன்றும் அந்த வகை மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறார்கள். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 கடைசியில் தொடங்கிய டைபாய்டு, இப்போது நாம் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கும் அடங்கவில்லை. அங்கே வாயில் போட மிஞ்சியது அசித்ரோமைசின் ஒன்றுதான். எந்த மருந்துக்குக் கிருமி படியும் என்று சொல்வது கல்ச்சர் மட்டுமே. வைடால் சொல்லாது, ஒரு மணி நேரத்தில் கோடு காட்டும் புது அட்டைப் பரிசோதனைகளும் சொல்லா. மருந்து ஒரு வேளை உள்ளே போய்விட்டாலே கல்ச்சரில் கிருமி வளரும் வாய்ப்பு குறைந்துவிடும். அதனால்தான் முதல் மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுங்கள் என்று கத்துகிறேன்.

திருவள்ளூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. நம் தாலுகாவில் எடுக்கும் ரத்தத்தைக் கல்ச்சர் பாட்டிலில் போட்டு அன்றன்றைக்கு அங்கே சேர்க்க ஒரு வண்டி ஏற்பாடு செய்ய முடியாதா? கட்சியில் பொறுப்பில் இருக்கும் மாணவர்கள் மூன்று பேராவது இதைப் படிக்கிறீர்கள். செப்டம்பர் 5 வந்தால் நம் ஊரில் பிறந்த ராதாகிருஷ்ணன் படத்தைப் போட்டு எனக்கு மாலை கொண்டுவருவீர்கள். இந்த வருஷம் மாலை வேண்டாம். இதற்கு ஒரு மனு எழுதிக்கொண்டு வாருங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரைப் பற்றித் தனியாக ஒரு மனு எழுத வேண்டியிருக்கிறது, அது அடுத்த பதிவு.

கடைசியாக, ரிப்போர்ட் படம் எனக்கு அனுப்பாதீர்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் இவற்றை எழுதுங்கள். காய்ச்சல் எத்தனையாவது நாள். காலை, மாலை எத்தனை டிகிரி. இதுவரை என்னென்ன மாத்திரை, யார் கொடுத்தது, எத்தனை வேளை. வயலுக்கோ ஆடு மாடு பக்கமோ போனீர்களா. உடம்பில் எங்காவது கறுப்புப் பொருக்கு இருக்கிறதா. அக்குளிலும் இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வீட்டில் யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். மூச்சு வாங்கினாலோ, நினைவு தடுமாறினாலோ, வயிறு இறுகினாலோ, மலம் கறுத்தாலோ காகிதமும் வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. மற்றபடி அந்தத் துண்டுக் காகிதத்தை டாக்டரிடம் கொடுத்து, "ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கலாமா, டாக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்று காரணம் சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காரணமே சொல்லவில்லை என்றால் அப்போது எனக்குப் போன் செய்யுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், சீரியல் நேரம் தவிர.